நிற்கும் இடங்கள்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஏசுவடியானின் ஒர்க்‌ஷாப்பில்
எங்கள் மீன்லாரியின் கியர்பாக்ஸ்
நாலாவது நாளாய்ப் பிரிந்து கிடக்கிறது.
எண்ணெய்த் தட்டை விரலால் வழித்து
வெளிச்சத்தில் காட்டினான்.
கறுப்புக்குள் மினுங்கும் பொடி.
"அயிலைக்க செதில் மாதிரி இருக்கு, பாத்தியளா?
பிளேட்டும் இரும்பும் அரைஞ்ச மாவாக்கும்."

ஆட்டோமேட்டிக் லாரி எதற்கென்று
குளச்சலில் கேட்காத ஆளில்லை.
வள்ளத்துக்கும் பாறைக்கும் நடுவே சிக்கிய பிறகு
ஸ்டெல்லஸின் இடது முட்டி கிளட்சுக்கு ஆகாது.
ஏலத்தில் எடுத்தோம்.
ஆர்.சி. என் பெயரில், கடன் என் பெயரில்,
கேள்வியும் என்னிடமே வருகிறது:
"எக்கா, கன்வெர்ட்டர் எது போடணும்?"

பெஞ்சில் மூன்று.
இரண்டு சருவத்தை வாயோடு வாய் வைத்துப்
பற்றவைத்தது போல.

பழையது நீலம் பாரித்திருக்கிறது.
கழுவி மாட்டினால் நாற்பதாயிரம் மிச்சம் என்றேன்.
"இதுக்க வயித்தைக் கழுவ முடியாதுக்கா.
மாட்டுன அன்னைக்கே
பழைய பொடியெல்லாம் புது பெட்டிக்குள்ள கக்கும்."

மற்ற இரண்டும் கோயம்புத்தூர்ச் சரக்கு.
ஒன்றில் சாக்பீஸால் 1400. மற்றதில் 2200.
பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலேட்டரையும் மிதித்தால்
நகராமல் எஞ்சின் எதுவரை கத்தும்,
அந்த எண்.

உள்ளே எதிரெதிரே இரண்டு விசிறிகள்.
எஞ்சின் ஒன்றைச் சுற்றும்,
மற்றது பெட்டியைச் சுற்றும்.
ஒன்றையொன்று தொடுவதில்லை.
நடுவில் எண்ணெய் போய்ச் சொல்ல வேண்டும்.
ஸ்டெல்லஸும் அவன் அண்ணனும்
இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்,
எண்ணெய் நான்.

2200 போடு, டர்போ சட்டென்று முழிக்கும்,
வண்டி சீறட்டும் என்றான் ஸ்டெல்லஸ்.
சீறும். வழுக்குவதெல்லாம் சூடு.
பின்னால் ஐஸ்,
அடியில் கொதிக்கிற எண்ணெய்.
1400 என்றால் டர்போ முழிக்குமுன்னே மூச்சு முட்டும்.
கறும்புகை.
போதாததற்கு, சும்மா நிற்கையிலும்
முன்னால் முட்டிக்கொண்டே இருக்கும்.

வண்டி எங்கெல்லாம் ஓடும் என்று
ஏசுவடியான் கேட்டான்.
டிரிப் நோட்டைப் புரட்டி
எங்கெல்லாம் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.
துறைமுக கேட், ஏலம் முடியும்வரை.
கருங்கல் சந்தி.
இந்த மேம்பாலத்தின் அடி, சந்தை நாளென்றால் அரைமணி.
களியக்காவிளை, எவ்வளவு நேரமென்று
நோட்டுக்கும் தெரியாது.
ஏழு மணி நேரப் பாதையில்
மூன்று மணி நேரம் நிற்கிறோம், ஊர்கிறோம்.

தாளை இரண்டுமுறை வாசித்துவிட்டு
கோயம்புத்தூருக்குப் போன் போட்டான்.
நடுவில் ஒரு சின்னச் சக்கரமுண்டாம், ஸ்டேட்டர்.
அதன் இறக்கைச் சாய்வு வேறாக இருந்தால்
இந்த எண்ணும் வேறாகும்.
"ஆயிரத்து அறுநூத்தைம்பது ஒண்ணு கெடைக்கும்.
பன்னிரண்டாயிரம் கூட.
கூலரும் பெருசா வேணும்."
ரோஸ்லெட்டின் சீட்டுப் பணத்தை
அன்று சாயங்காலமே எடுத்தேன்.

மழை விட்ட வெள்ளிக்கிழமை மாட்டி முடித்தான்.
எண்ணெய் சூடேறியதும்
சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுச் சொன்னான்:
"டெஸ்டுக்கு ரெண்டு காலும் வேணும்.
இடது பிரேக்குல, வலது ஆக்சிலேட்டர்ல.
அஞ்சு செகண்டுக்கு மேல மிதிக்கப்பிடாது."
சொன்ன பிறகுதான்
ஸ்டெல்லஸின் காலைப் பார்த்தான்.

பேச்சில்லை.
ஸ்டெல்லஸ் கதவைத் திறந்து
கைப்பிடியைப் பற்றி இறங்கி
அந்தப் பக்கமாய்ச் சுற்றி வந்து ஏறினான்.
நான் சேலையைச் செருகிக்கொண்டு
அவன் சூடு மாறாத சீட்டில் உட்கார்ந்தேன்.

இடது காலால் முழுப் பாரமும் கொடுத்தேன்.
வலது காலைத் தாழ்த்தினேன்.
லாரி இருந்த இடத்திலேயே உறுமியது,
கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை நடுங்கியது,
பின்னால் காலி மீன்பெட்டிகள் கலகலவென்று பேசின.
மூணு, நாலு என்று
கீழேயிருந்து ஏசுவடியான் எண்ணினான்.
"விடுங்கக்கா!"

முள்ளை நான் பார்க்கவில்லை.
பார்த்துக்கொண்டிருந்தவன்
பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து
டிரிப் நோட்டில் எழுதினான்:
1640.

"பத்து குறையுது," என்றான்.