பேர் விழாத நாள்

கல்யாணமா, கருமாதியா, கிளினிக்கா என்று
மூன்று தரம் கேட்டார் கங்காணி.
சும்மா என்றேன்.
சும்மாவுக்கெல்லாம் பேர் விழாது என்றார்.
விழாமல் போகட்டும் என்று சொல்ல எனக்குப்
பதினொரு வருஷம் எடுத்திருக்கிறது.

"இதுகளுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது,
வளந்த பொறகு கூட்டிட்டுப் போ"
என்றாள் அடுத்த காம்பரா ரேணுகாதேவி.
வளர்ந்த பிறகு அதுகளே போய்விடும்,
கொழும்புக்கு, ஏதாவதொரு கடைக்கு,
என்னைக் கூட்டாமல்.

கொட்டகலை ஸ்டேசனில்
மூன்றாம் வகுப்பு டிக்கட் ஒன்று, அரை டிக்கட் ஒன்று.
அரைப்பேர் எனக்குத் தெரியும்,
அரை டிக்கட்டை அன்றுதான் பார்த்தேன்.
சின்னவனுக்கு ஒன்றும் வேண்டாமாம்.
ரயில்வேக்காரர் கணக்கில்
அவன் இன்னும் பிறக்கவில்லை.

சென்கிளேயர் அருவி வந்ததும்
பெட்டியே ஒரு பக்கம் சாய்ந்தது.
எல்லாரும் போனை நீட்டினார்கள்.
டிருஷன் பார்த்துக்கொண்டிருந்தது
ஜன்னல் சட்டத்தில் கழன்ற ஒரு ஸ்குரூவை.
"இது ஆடுது" என்றான்.
தாடையைப் பிடித்து அருவிப் பக்கம் திருப்பினேன்.
"ம்" என்றான். மறுபடி ஸ்குரூ.
சரி, அருவி யார் பார்க்காவிட்டாலும் விழும்.
அந்த ஸ்குரூவுக்கு
இவனை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நானுஓயா கழிந்து சதுர்ஷிகா வாந்தி எடுத்தாள்.
எதிரே இருந்த சிங்களப் பொம்பளை
ஒரு வார்த்தை பேசவில்லை.
சொப்பின் பேக்கிலிருந்த பேரிக்காய்களை
மடியில் கொட்டிவிட்டு
வெறும் பையை நீட்டினாள்.
வாய் கழுவித் துடைத்த பிறகு
மடியிலிருந்து ஒரு காயையும் நீட்டினாள்.
"ஸ்தூதி" என்றாள் மகள்.
எங்கே கற்றாளோ.
எனக்கு அந்தச் சொல்
தொண்டைவரைக்கும்தான் வரும்.

பட்டிப்பொல தாண்டிய குகையில்
பெட்டி முழுக்க ஹூ என்று கத்தியது.
பிள்ளைகள் கத்தின. நானும் கத்தினேன்.
இதற்கு முன் அவ்வளவு பலமாகக் கத்தியது
மலையில் குளவி கலைந்த அன்றைக்கு.
குகைக்கு அந்தப் பக்கம் பனி.
இந்தப் பக்கம் கண் கூசும் வெயில்.
"யாரு சுவிட்ச் போட்டது?" என்றாள் பெரியவள்.
எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான்.

ஹப்புத்தளையில் பார்க்க நிறைய இருக்கிறதாம்.
நாங்கள் ஒரு நாயைப் பார்த்தோம்.
பிளாட்பாரத்தில் உட்கார்ந்து
கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைத் தின்றபடி
ஒன்றரை மணிநேரம்.
அதற்கு ஒரு காது மடங்கியிருந்தது.
அது ஏன் மடங்கியது என்பதற்கு
இருவரும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.
இரண்டிலும் ஒரு பேய் வந்தது.

திரும்பும்போது
தலவாக்கலை கழிந்த வளைவில்
எங்கள் மலை.
காலையில் நான் அதைப் பார்க்கவில்லை,
டிக்கட்டை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.
பதினொரு வருஷமாய் அங்கே நின்று
இந்த ரயிலைப் பார்த்திருக்கிறேன்.
இங்கிருந்து பார்த்தால்
ஆறாம் நம்பர் மலை
இவ்வளவு சின்னதென்று யாரும் சொல்லவில்லை.
பச்சைக்குள்ளே சிவப்பும் நீலமுமாய்
அசைகிற புள்ளிகள்.

"அம்மா, அதுல நீ எது?"

நான் இங்கேதானே இருக்கிறேன் என்றேன்.
என்னை ஒருமுறை பார்த்தாள்,
மலையை ஒருமுறை பார்த்தாள்,
மலையைத்தான் நம்பினாள்.
ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டினாள்.
யாரும் நிமிரவில்லை.
கடைசி நிறுவை நேரம்,
கை சும்மா உயர்ந்தால் கொழுந்து குறையும்.
அது அவளுக்குத் தெரியாது,
ஆட்டிக்கொண்டே இருந்தாள்.
சின்னவன் தூக்கத்தில் என் தோளை நனைத்துக்கொண்டிருந்தான்.

வளைவு முடியப்போகையில்
ஒரு கை எழுந்தது.
யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

"நீதான்!" என்று கத்தினாள்.

"என்னடா பாத்தே?" என்று ராத்திரி
ரேணுகாதேவி கேட்டதற்கு
"ஸ்குரூ" என்றான் டிருஷன்.
அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்,
நான் சொல்லலியா என்கிற மாதிரி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாயின் பேயைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் ரயில் சத்தம் கேட்டதும்
இடுப்பளவு தேயிலைக்குள்ளிருந்து
என் கை எழுந்தது, பிடித்த கொழுந்தோடு.
எந்த ஜன்னலில்
எவள் பிள்ளை
என்னை அம்மா என்று நினைத்ததோ.