மாதாவுக்கு அடியில் இருக்கும் எண்

கதவுத் தூணில் கம்பெனி ஒட்டிய தாளின் மேல்
வேளாங்கண்ணி மாதாவை ஒட்டியிருந்தார்
முன்பு இந்த வண்டியை வைத்திருந்த அந்தோணிப்பிச்சை.
நாகையிலிருந்து மீன் ஏற்றிய வண்டி.
கழுவக் கழுவ வாடை போய்விட்டது.
மாதாவை மட்டும் நான் உரிக்கவில்லை.
எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்பது
அவள் சேலைக் கரைக்குக் கீழே இருக்கிறது.

போன் போட்டுக் கேட்டேன்.
"ஐஸ் பெட்டிக்கு அறுபது புடிப்பேன்.
நீ என்ன ஏத்துற?"

என்ன ஏற்றவில்லை நான்.
தையில் சம்பா மூட்டை, சித்திரையில் செங்கல்,
ஆனியில் நாற்றுக்கட்டு,
நடுவில் கூப்பிட்டவர் கூப்பிட்டதெல்லாம்.

முதல் தையில் பின்சக்கரத்துக்கு எண்பது பிடித்தேன்.
நெல்லை இறக்கிவிட்டு அப்படியே போய்
கூத்தாநல்லூரில் கல்யாணச் சீர் ஏற்றினேன்.
ஒரு பீரோ, ஒரு கட்டில், கொஞ்சம் எவர்சில்வர்.
கனமில்லாத வண்டி, கல்லாய் இறுகிய டயர்.
லெட்சுமாங்குடி வேகத்தடையில்
கயிறறுத்த கன்றுக்குட்டியாய்த் துள்ளியது.
பீரோக் கண்ணாடியில் குறுக்கே ஒரு கோடு.
பெண்ணின் வாப்பா ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாகத் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து
தாடியை ஒருமுறை தடவிக்கொண்டார்.
வாடகையே வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பயத்தில் நாற்பதுக்கு இறக்கினேன்.
இறக்கியதை மறந்தும் போனேன்.
மறுநாள் அறுபது கிலோச் சிப்பம் இருபத்தெட்டு,
பனியில் நனைந்த ஈரம் வேறு.
நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தது.
ரயில் என்ஜின் மாற்றிக்கொண்டிருந்தது.
இறங்கிப் பின்டயரில் புறங்கை வைத்தேன்.
தோசைக்கல்.
பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது,
பந்தியில் மூன்றாம் முறை சாம்பார் கேட்டவன் வயிறு போல.
முப்பத்தைந்து நிமிடம்.
எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், ரயில்வேயைத் திட்டினார்கள்.
நான் ஒருவன்தான்
இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்று நின்றேன்.

"சூட்டுல மீட்டர் பொய் சொல்லும்" என்றார்
காற்றுக்கடை ரவூஃப்.
"ராத்திரி நின்ன வண்டிய
வெயில் படறதுக்குள்ள கொண்டாங்க."
அவர் கடை திறப்பதோ ஒன்பது மணிக்கு.
தஞ்சாவூர் போய்ச் சொந்தமாக ஒரு மீட்டர் வாங்கினேன்.

இந்தப் பக்கத்தில் எல்லோரிடமும் ஒரு எண் உண்டு.
மேட்டூரில் எத்தனை அடி,
கல்லணையில் எத்தனை கன அடி,
கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் பதினேழா, பத்தொன்பதா.
பால்காரர் மணி கேட்கும் நேரத்தில்
சக்கரத்தருகே குந்தி
நானும் என் எண்ணைப் பார்க்கிறேன்.
நெல்லுக்கு எழுபத்தைந்து.
வெறும் வண்டிக்கு நாற்பத்தைந்து.
செங்கல்லுக்கு இன்னும் தெரியவில்லை.

தையல்நாயகி களத்துக்கு வாய்க்கால் கரையில்தான் போகவேண்டும்.
முந்தின நாள் மழை.
சேறு தளர்ந்த டயரைக் கேட்கிறது,
மூட்டை இறுகிய டயரைக் கேட்கிறது.
பாதி மூட்டையோடு இரண்டு நடை அடித்து
தார் ரோட்டுக்கு வந்ததும் மீதியை ஏற்றி
பேட்டரி பம்பில் காற்றடித்தேன்.
"ஒரு நடைக்கு ரெண்டு நடையா?
ஒனக்கு டயர் கட்டுன பொண்டாட்டி" என்று
சுமைக்காரர் கலியபெருமாள் பீடி பற்றவைத்தார்.
கூலியையும் இரண்டு நடைக்கே வாங்கினார்.

கொள்முதல் நிலையத்தில்
பையன் குத்திப் பார்த்தான். பத்தொன்பது.
காயவைத்துக் கொண்டுவா என்றான்.
எங்கே காயவைக்க? ரோடெல்லாம் ஏற்கெனவே நெல்.
தையல்நாயகி மூட்டையை இறக்கவிடவில்லை.
இறக்கினால் வரிசை போய்விடும்.

மூன்றாம் நாள் காலை.
மீட்டர் வைத்தேன். எழுபத்தைந்து, அப்படியே.
நெல் காய்ந்தால் கனம் குறையும்,
அப்போது ஒன்றிரண்டு இறக்கலாமோ?
கேட்க ஆளில்லை.
கதவைத் திறந்தேன்.
மாதாவின் ஒரு மூலை பனியில் நனைந்து
லேசாக எழும்பியிருந்தது.
இழுத்தால் வந்துவிடும்.

கட்டைவிரலால் அழுத்தி
திரும்ப ஒட்டிவிட்டேன்.