கேட்டுக்கு இந்தப் பக்கம்

தர்மபுரி பெரியாஸ்பத்திரி எதிரே
பதினான்கு மருந்துக்கடை.
கூட்டமில்லாத மதியங்களில் எண்ணியிருக்கிறேன்.
ஒரு கடையில் யாராவது தும்மினால்
பக்கத்துக் கடையில் மாத்திரை எடுத்துவைப்பார்கள்.

ஏழாவது கடையில் எனக்கு வேலை.

ரயில்வே கேட் தாண்டி எங்கள் நகர்.
மனை பிரித்தவன் காட்டிய வரைபடத்தில்
பூங்கா இருந்தது, பச்சை மையில்.
நானூறு வீடு எழும்பிவிட்டது.
ஒயின்ஷாப் வந்தது, செல்போன் கோபுரம் வந்தது.
மருந்தென்று கேட்டால்
மளிகைக்கடையில் ஷாம்பு சரத்துக்குப் பின்னால்
ஒரு தைலப் புட்டி.

காலையில் கிளம்பும்போது சீட்டுகள் வரும்.
காலண்டர் தாளின் பின்புறம்,
தீர்ந்த அட்டையின் வெட்டிய மூலை,
சில நேரம் வெறும் வாய்ச்சொல்:
"அந்த மஞ்சள்தான்மா, பாதியா உடைப்பேனே."
தீர்த்தகிரி அண்ணனுக்கு பிரஷர்.
ஷம்ஷாத் அக்காவுக்கு இன்சுலின்:
மதியம் தயிர்சோறு தின்று கழுவிய டப்பாவில்
ஜூஸ்கடை ஐஸ் போட்டு
ஐஸ் படாமல் துண்டில் சுற்றி.

ராத்திரி ஒன்பதரைக்கு கேட் விழும்.
பாலக்கோட்டுப் பக்கமிருந்து கூட்ஸ் வரும்,
அதற்கென்ன அவசரம்.
மற்றவர்கள் பெட்டிகளை எண்ணுவார்கள்.
நான் டப்பாவைத் தொட்டுப் பார்ப்பேன்,
இன்னும் சில்லென்று இருக்கிறதா.

பதினெட்டு ரூபாய் மாத்திரைக்கு
ஆட்டோ நூற்றைம்பது.
எங்கள் தெருவில் காய்ச்சலெல்லாம்
விடியும்வரை பொறுத்திருக்கப் பழகியவை.

போன ஐப்பசியில் எனக்கே வந்தது.
மூன்று நாள் எழவில்லை.
கண்ணை மூடினால் கடை தெரிந்தது:
மேல்தட்டு, இடமிருந்து நான்காவது டப்பா.
கை நீட்டினால் எட்டும்.
நீட்டினேன்.
சுண்ணாம்புச் சுவர்.

வாசலில் செருப்புகள் கழன்றன.
பார்க்கத்தான் வந்தார்கள்.
ஒரு சொம்பு கஞ்சி,
இரண்டு எலுமிச்சை,
வேப்பிலை கொண்டுவந்தவரும் உண்டு.
எல்லோரும் போனபின்னும்
மாதேஷ் மகள் மட்டும் நிலைக்கதவருகே.
அப்பன் லாரியோடு நாசிக்கில்.
கைக்குள் எதையோ மடித்து வைத்திருந்தாள்.

"அவசரமில்லக்கா. நீங்க எழுந்தப்புறம்."

வாங்கிப் பிரித்தேன்.
தம்பியின் வலிப்பு மாத்திரை.

"எத்தனை இருக்கு?"

"ராத்திரிக்கு ஒண்ணு இருக்கு."
கொஞ்சம் பொறுத்து,
"அரை."

தூரத்தில் கேட் மணி அடிக்கத் தொடங்கியது.
சுவரைப் பிடித்து எழுந்து
செருப்பைத் தேடினேன்.