மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்

குணாளனுக்கு நீதிமன்றத்தில் வேலை.
சாட்சி தமிழில் ஒரு வரி சொன்னால்
நீதிபதிக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
"அது வந்துங்கய்யா" என்ற இழுவையையும்
இழுத்தபடியே கொடுக்க வேண்டுமாம்.
மெதுவாகத்தான் நடக்கும்.

என் பைத்தானும் அப்படித்தான்.
வரிவரியாகப் படித்து, தலையாட்டி,
தப்பென்றால் எந்த வரி என்று
மரியாதையாகச் சொல்லும்.
பாசிர் பாஞ்சாங்கில் பதினோராயிரம் பெட்டிகள்,
எதன்மேல் எதை அடுக்குவது என்று கணக்கிட
நாற்பத்தொரு நிமிடம் எடுத்துக்கொண்டது.
கப்பல் காத்திருக்காது என்றாள் ஹஸ்லினா.

ஆகவே கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்,
சி மொழிக்கு.
அங்கே துபாஷி கிடையாது.
சொன்னதைச் செய்யும்,
சொல்ல நினைத்ததை அல்ல.

நாற்பத்தொரு நிமிடம் ஒன்பது நொடி ஆனது.
கைதட்டினார்கள். யாரோ டுரியான் பஃப் வாங்கி வந்தார்கள்.
மூன்றாம் நாள் இரவு
நினைவகம் நிரம்பிச் சர்வர் விழுந்தது.

கீழே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கு உண்டு,
எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று.
பிடித்தால் ஒன்று கூட்டு. விட்டால் ஒன்று கழி.
பூஜ்யமானால் துடைத்து எடுத்துவிடுவார்கள்.
மேலே இருந்தவரை
இதை எனக்காக யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.
ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

மறுநாள் உணவங்காடியில்
மீன்சூப்போடு நின்றுகொண்டிருந்தேன்.
மேசைக்கு மேசை டிஷ்யூ பாக்கெட்.
ஒன்றில் குடை. ஒன்றில் அலுவலக அட்டை.
ஆள் இல்லை.
ஆனாலும் ஒவ்வொரு மேசையும்
யாரோ வருவார் என்று நம்பிக்கொண்டிருந்தது.
சூப் ஆறியது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி!
பட்டியலில் பெட்டியைப் போட்டுவிட்டு
என் பாக்கெட்டை எடுக்க மறந்திருக்கிறேன்,
ஒவ்வொரு சுற்றிலும் பதினோராயிரம் முறை.

எடுத்தேன்.
ரோஷத்தில் கண்ட இடமெல்லாம் எடுத்தேன்.
அதில் ஒன்று என்னுடையது இல்லை.
இரவல்.
பார்க்கலாம், பயன்படுத்தலாம்,
கணக்கில் மட்டும் கைவைக்காதே என்று
கையேட்டில் ஒரே ஒரு வாக்கியம்.
வைத்தவள் லக்சாவோடு திரும்பி வருகிறாள்,
அவள் இடத்தில் வேறொரு குடும்பம்
சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

உடனே விழுந்திருந்தால் பரவாயில்லை.
ஆறு மணி நேரம் சரியான விடைகள்.
பிறகு ஒரு பெட்டியின் எடை
பூஜ்யத்துக்குக் கீழே போனது.
பிறகு செக்மென்டேஷன் ஃபால்ட்.
எந்த வரி என்று சொல்லாத ஒற்றை வரி.
இடித்துவிட்ட புளோக்கின் எண்ணைச் சொல்லி
டாக்சி ஏறியவள் போல
வேலிக்கு முன் இறங்கி நின்றேன்.

இரவு இரண்டு மணிக்கு
குணாளன் மைலோ கலக்கிக்கொண்டே சொன்னான்:
இன்று ஒரு சாட்சி,
"அவன் என்னிடம் கைநீட்டினான்" என்றார்.
அடித்தானா, கடன் கேட்டானா, லஞ்சம் வாங்கினானா?
நான் நிறுத்தினேன்.
சாட்சியிடமே கேட்டுத் தெளிய அனுமதி கேட்டேன்.
நீதிமன்றமே காத்திருந்தது.
உன் கீழ்த்தளத்தில்
அப்படி நிறுத்த யார் இருக்கிறார்கள்?

யாருமில்லை என்றேன்.
அவன் தூங்கப் போனான்.

விடியும்வரை வாசலுக்கு வாசல் ஒரு வரி வைத்தேன்.
இருக்கிறாயா?
நான் நினைத்த பொருள்தானா?
உன்னை நான் பிடித்திருக்கிறேனா,
பார்க்கத்தான் கொடுத்தார்களா?

ஒன்பது நொடி பன்னிரண்டு ஆனது.
மூன்று நொடி எங்கே போனது என்றாள் ஹஸ்லினா.
கைநீட்டியதன் பொருள் கேட்கப் போனது என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
கப்பல் நேரத்துக்குப் போய்விட்டதால்
மேற்கொண்டு கேட்கவுமில்லை.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால்
சாவிக்கும் சார்ஜருக்கும் நடுவே
பிரிக்காத ஒரு டிஷ்யூ பாக்கெட்.
பச்சை நிறம்.
நான் வாங்குவது நீலம்.