பெருவிரல்

நிலாவெளிக் கரையில் வள்ளம் தள்ளுமுன்
நிஃப்ராஸ் மூன்று சொல் கற்றுத்தந்தான்.
பெருவிரலும் சுட்டுவிரலும் வட்டமானால்: சரி.
உள்ளங்கை தள்ளாடினால்: ஏதோ சரியில்லை.
பெருவிரல் நிமிர்ந்தால்: மேலே போவோம்.
"சூப்பர் எண்டு அர்த்தமில்லை அக்கா,
எல்லாரும் அதிலதான் பிழை விடுறது."
தலையாட்டினேன்.
மின்சார சபையின் முறைப்பாட்டு மேசையில்
பதினொரு வருடம் தலையாட்டியவள் நான்.

புறாமலைக்குப் பதினைந்து நிமிடம்.
சுகிர்தா வழிமுழுக்க வாந்தி எடுத்தாள்.
"நீ போ, நான் புறா எண்ணுறன்" என்று
தீவின் மணலில் துவாயை விரித்துச் சரிந்தாள்.

இடுப்பில் ஈயக்கட்டி, முதுகில் சிலிண்டர்.
பின்பக்கமாக விழச் சொன்னான்.
விழுந்தேன்.
வானம் மூடிக்கொண்டது.

முதலில் என் மூச்சுத்தான் கேட்டது,
மா அரைக்கும் மெஷின் மாதிரி
வெட்கமில்லாத சத்தம்.
பிறகு நறுக், நறுக்:
கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கடித்துக்கொண்டிருந்தன.
பாதிக் கல் செத்துச் சுண்ணாம்பாய்க் கிடந்தது.
மீதியில் ஊதாவும் மஞ்சளும்
பெயர் தெரியாத ஒரு பச்சையும்
வாடகையில்லாமல் குடியிருந்தன.

சரியா? என்றது அவன் வட்டம்.
சரி என்றது என் வட்டம்.
நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டான்.
காது வலிக்குதா, மூச்சு வருதா, பயமா,
எல்லாவற்றுக்கும் அதே வட்டம்.
இத்தனை தரம் என்னை எவரும் கேட்டதில்லை.
ஒன்பது மீற்றர் ஆழத்தில்
சொல்ல ஒரு முறைப்பாடும் கிடைக்காமல் முழித்தேன்.

அப்போது ஆமை வந்தது.
ஒரு துடுப்பில் பழைய வெட்டு.
என் முகமூடிக்கு ஒரு முழம் முன்னால் நின்று
பார்த்தது,
பெரிதாய் ஒன்றுமில்லை என்று திரும்பியது.
என்னையறியாமல்
என் பெருவிரல் நிமிர்ந்தது.

நிஃப்ராஸ் என் கையைப் பற்றினான்.
மேலே, மேலே,
என் குமிழிகளைவிட மெதுவாக,
ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிறுத்தி,
நான் பத்து விரலாலும் மறுக்க மறுக்க.

வாய்க் குழாயைக் கழற்றியதும் பதறினான்:
"என்னக்கா, என்ன செய்யுது?"
"சந்தோசம்" என்றேன்.
அதற்கு ஒரு சைகை இல்லையாம்.

துவாய்க்காரி ஓடி வந்தாள்.
"முழங்கால் தண்ணியில, எடியே,
மூண்டு சுறாக்குட்டி!"
காசு கட்டி இறங்கியது நான்.

மாலை, வவுனியா பஸ்ஸின் மிதிபலகையில் நின்று
கண்டக்டர் பெருவிரலை உயர்த்தினார்.
ஏறினோம்.
ஹொரவப்பொத்தானை தாண்டுகையில்
இடது காதிலிருந்து
இளஞ்சூடாய் வழிந்தது
ஒரு துளிக் கடல்.
சுகிர்தா நித்திரை.
துடைக்கவில்லை.