சும்மா ஓடிய நேரம்

ஆய்வுக்கூடத்தில் அந்த எஞ்சினுக்கு
எட்டே எட்டு நிலைகள்.
முழுச் சுமை, முக்கால், பாதி என்று
ஒவ்வொன்றிலும் சில நிமிடம் நின்று
மருத்துவர் முன் சட்டையைத் தூக்கியவர் போல
இழு என்றபோது இழுத்து, விடு என்றபோது விட்டது.
சான்றிதழும் வாங்கிக்கொண்டது.

பிறகு கௌஹவாவுக்குப் போனது,
பின்லாந்தின் தட்டையான வயல்களுக்கு,
துலிக்கி ரின்டமாகியின் பண்ணைக்கு.
புகைக்குழாயில் ஓர் உணரி,
இருக்கைக்கடியில் சோற்றுப்பெட்டி அளவில் ஒரு கருவி.
பூட்டியவன் நான்.
நொடிக்கு ஒரு வரி, ஓர் ஆண்டு முழுக்க.

அறுநூற்றுப் பதினோரு மணி நேரம் ஓடியிருக்கிறது.
உழுதது எழுபது.
பனி தள்ளியது, புல்லுருண்டை சுமந்தது,
சாணிக்குழம்பு தெளித்தது,
யாருடைய காரையோ பள்ளத்திலிருந்து ஒருமுறை இழுத்தது:
கோட்டில் தெரிகிறது,
ஓர் உதறல், இன்னோர் உதறல், அப்புறம் சமாதானம்.
இருநூற்று முப்பது மணி நேரம்
எங்கும் போகவில்லை, எதையும் இழுக்கவில்லை.
அறிக்கையில் அதற்கு நீளமான பெயர் உண்டு.
என் குறிப்பேட்டில் எழுதியிருப்பது: சும்மா.

சும்மாவில்தான் சங்கடம்.
குழாய் சூடேறாது.
இருநூறு பாகைக்குக் கீழே
யூரியாக் கரைசல் இறங்காது.
புகையைத் தணிக்க வைத்த பீங்கான் தேன்கூடு
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போன ஆள் மாதிரி.
நைட்ரஜன் ஆக்சைடுகள் அதன் நாற்காலியைத் தாண்டி
பிர்ச் மரங்களுக்கிடையே நடந்து போகும்.

ஜனவரி பதினான்கு, இரவு இரண்டு பத்து முதல்
ஐந்து நாற்பது வரை?
"மின்சாரம் போயிருந்தது. கன்று பின்னங்காலை முதலில் நீட்டியது.
மருத்துவருக்கு வெளிச்சம் வேண்டாமா?"
கன்று?
"அதோ, வாளியைக் கவிழ்க்கிறதே, அதுதான்."

மைனஸ் முப்பதில், விடிய விடிய?
"அணைத்தால் டீசல் மெழுகாகும்.
காலையில் கிளப்ப நீ வருவாயா?"

தினமும் மாலை ஆறு மணிக்கு,
தபால்பெட்டிக்குப் பக்கத்தில், பதினேழு நிமிடம்?

உடனே பதில் வரவில்லை.
வைக்கோலைக் காலால் ஒதுக்கினாள்.
"கேபின் கதகதப்பாக இருக்கும்.
வீட்டுக்குள் போனால் எல்லாருக்கும் ஏதாவது வேண்டும்."

இதற்கெல்லாம் என் அட்டவணையில் பத்தி கிடையாது.
காற்றிடமும் கிடையாது.
இது கன்றுக்காக வந்த புகை என்று
அது எதையும் தனியாக எடுத்து வைப்பதில்லை.

அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.
அவள் தொழுவக் கதவின் வழியே
முற்றத்தைக் காட்டினாள்.
என் வேன்.
விளக்கு எரிய, பின்னால்
வெள்ளை வெள்ளையாய்ச் சுருண்டு.
"ஐம்பது நிமிடம்," என்றாள்,
கடிகாரம் பார்க்காமலே.

போய்ச் சாவியைத் திருப்பினேன்.
அவ்வளவு நேரமும் ஒரு சத்தம் இருந்தது
நின்ற பிறகுதான் காதுக்குப் புரிந்தது.
பேனா உறைந்திருந்தது. பென்சிலால் கிறுக்கினேன்:
மார்ச் ஏழு. வேன். ஐம்பது நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
பென்சிலை வைத்தபடி
குளிரில் நின்றுகொண்டிருந்தேன்.