முதுகுப் பக்கம்

டிக்மன்ஸ் வீதியில் இன்று காலை திறந்தது
எங்கள் கம்பனியின் முப்பத்து நாலாவது கடை.
கடை என்று சொல்லக்கூடாதாம்.
'பூட்டிக்' என்று பழகுங்கள் என்றார் டில்ருக்ஷி மிஸ்.
பழகினேன். புதுச் சப்பாத்துப் போல
அந்தச் சொல் வாயைக் கடித்தது.

மருதானைக் கிளையில் எனக்குப் பதினோரு வருடம்.
அங்கே சேர்ட்டுகள் குவிந்து கிடக்கும்,
பெருநாள் வாரத்தில் இடுப்பளவுக்கு;
நீந்தித்தான் ஒரு பதினைந்தரைக் கழுத்தை எடுக்கவேண்டும்.
இங்கே ஒரு கம்பிக்கு ஏழே ஏழு.
ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூன்று விரல் வெறுமை.
அளந்து பார்க்கிறார்கள்.
விலை அட்டை உள்பக்கம் பார்த்திருக்கவேண்டும்,
கேட்டால் மட்டும், அதுவும் தாழ்ந்த குரலில்,
ஏதோ வீட்டில் நோயாளி இருப்பதுபோல்.

சிவநேசராசா பட்ஜில் அடங்கவில்லை.
'நேஷ்' என்று வெட்டிப் பித்தளையில் தந்தார்கள்.
அளவாய்த்தான் இருக்கிறது.
கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்புகிறேன்.

கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாத ஆறு பொம்மைகளுக்கு
நான்தான் உடுத்திவிட்டேன்.
முதுகுத் துணியைக் கொத்தாய்ப் பிடித்து
நாலு கிளிப் போட்டால்
முன்னால் வருபவருக்கு அது அளவெடுத்துத் தைத்தது.
எனக்கு வந்த யூனிஃபோர்மும் ஒரு சைஸ் பெரிது.
எனக்கு இரண்டு கிளிப்.
"சுவரோரமாய் நில்லுங்கள் நேஷ்."

இந்த இடத்தின் பெருமை உடை மாற்றும் அறை.
மருதானையில் அது ஒரு சீலையும் ஓர் ஆணியும்.
இங்கே சோபா, மஞ்சள் வெளிச்சம்,
மூன்று மடிப்பில் ஆளுயரக் கண்ணாடி.
போகிற ஆண்கள் லேசில் வருவதில்லை.
வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்த வங்கிக்காரர்
உச்சந்தலையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.
சேர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
ஐம்பது வயதுவரை
முன்பக்கத்தை மட்டும் சவரம் செய்தே
வாழ்ந்துவிடலாம் போலிருக்கிறது.

விடியவிருந்து விட்டுவிட்டு மழை.
திறப்புக்குச் சொன்ன மீன் ரோல்ஸ்
விருந்தாளிகள் போய் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தது.
பெட்டியை நீட்டிய பொடியன் அஸ்மீர், கொம்பனித்தெரு.
"நானா, இது விடுமட்டும் கொஞ்சம் நிக்கவா?"
மிஸ் மேல்மாடியில்.
வாசலில் புதுக் கம்பளம்.
கண்ணாடி அறையில் ஓடுதானே, அங்கே நில் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு, "நானா."

கழுத்தை ஒடித்துத் திருப்பி நின்றான்.
பின்சில்லு அடித்த சேறு
இடுப்பில் தடிப்பாய்த் தொடங்கிப்
பிடரியில் கடுகாய்ச் சிதறியிருந்தது.
"இப்பிடியேவா போயிருக்கேன்?
இருவத்திரண்டு வீடு.
ஒருத்தரும் சொல்லல்லயே."

ஈரத் துணியால் துடைத்தேன்.
போகவில்லை, பரவியது.
பக்கத்தில் தொங்கிய கடல்நீல லினனைத் தொடாமல்
ஒற்றை விரலால் அட்டையை மட்டும் திருப்பினான்.
"இது ரெண்டு டயர், நானா." சிரித்தான். "டியூபோட."
இதே பொத்தான், இதே காஜா,
மருதானையில் அரை விலைக்குக் குவியலுக்கு அடியில் கிடக்கிறது.
சொல்லியிருக்கலாம்.
நேஷ் சொல்லவில்லை.

குனிந்து துணியைப் பிழிந்தபோது
கண்ணாடியில் என் முதுகு அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
"நானா, அசையாம நில்லுங்க, என்னமோ மாட்டியிருக்கு."
ஒன்று. இரண்டு.
கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான்,
ஒருவராவது சொன்னார்களே என்ற முகத்தோடு.
சேர்ட் பொதுக்கென்று விரிந்தது.
எவ்வளவு நேரமாய் அரை மூச்சு விட்டிருக்கிறேன்!

மழை விடவில்லை. அவனுக்கு அடுத்த ஓடர் வந்துவிட்டது.

படியில் மிஸ்ஸின் குதிச்சத்தம்.
கிளிப் இரண்டும் கழுசான் பைக்குள்.
சுவரோரமாய்ப் போய் நின்றேன்.